முதல் தெரிவு

புதுக்கடை நீதிமன்ற மதிலோடு ஒட்டிய என் கடைக்குப்
பட்டியல் வந்தது திங்கள் பதினொன்றே காலுக்கு.
நாற்பத்திரண்டு பெயர்கள், எட்டுக் கழகங்கள்,
வெள்ளி இரவு தெரிவு.
கடைசியாய் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு என்பது விதி.
ஆகவே எங்கள் கொம்பனித்தெருவுக்கு.
தோற்றதற்கு இப்படியொரு கூலி.

"பன்னிரண்டு கொப்பி, தங்கச்சி,
ஒருத்தருக்கும் காட்டாதே" என்றார் செயலாளர் துவான் ஃபஸ்லி,
தாளை எனக்குக் காட்டிக்கொண்டே.

தெருவில் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
சலூன் லயனல் சொன்னான்: மருதானை இஃப்ராஸ்,
போன வருஷம் பதினேழு கோல்.
ஓட்டோ தரிப்பிடத்தில் ஒரு சஹன் புரியாணி பந்தயம்,
எதிர்க்கத்தான் ஆளில்லை.
கொத்துக்கடைக்காரன் தகட்டில் அடித்தே சொன்னான்:
இஃப்-ராஸ் இஃப்-ராஸ் இஃப்-ராஸ்.

நான் கணக்குப் பார்க்கிறவள்.
பதினான்கு ஆட்டத்தில் நாங்கள் போட்டது பத்தொன்பது,
வாங்கியது நாற்பத்தொன்று.
கூரை ஒழுகும் வீட்டுக்கு யாராவது
ஜன்னல் திரை வாங்குவார்களா?
வாங்குவார்கள். எங்கள் வீட்டில் வாங்கினோம்.

என் தெரிவு இருபத்தேழாம் பெயர்.
கி. அருள்நேசன், கோல்காப்பாளர், வயது இருபத்திரண்டு,
முகத்துவாரம், மீன் குளிரறையில் இரவு வேலை.
ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன்,
மழை விட்டும் விடாத ஒரு ஞாயிறு.
பெனால்டிக்கு முன் அவன் துள்ளவில்லை, கத்தவில்லை.
கையுறைப் பட்டியைப் பல்லால் இறுக்கிவிட்டு
உதைக்கிறவனின் இடுப்பையே பார்த்து நின்றான்.
பந்து போன இடத்தில்
அவன் முன்பே இருந்தான்.

மூடியைத் திறந்து தாளைக் கவிழ்த்தேன்.
பச்சை வெளிச்சம் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தது.
முதல் கொப்பி சூடாக வெளியே வந்தபோது
இருபத்தேழைச் சுற்றி
ஒரு சாம்பல் வளையம்.

பென்சிலால் வட்டமிட்டு யாரோ அழித்திருக்கிறார்கள்.
கண்ணுக்குத் தப்பியதை என் மெஷின் கறுப்பாக்கிக் கொடுக்கும்.
பழைய காணி உறுதிகளில் எத்தனை பார்த்திருக்கிறேன்,
சுரண்டிய திகதி, இரண்டு பேர்ச் கூட்டிய நிலம்.
சட்டத்தரணிகளிடம் சொன்னதில்லை.
ஃபஸ்லியிடமும் சொல்லவில்லை.

வட்டமிட்ட கை ஒன்று இருந்தது.
அழித்த கையும் ஒன்று இருந்தது.
இரண்டும் ஒரே கையா
என்று யோசித்து மூன்று இரவு கெட்டது.
வியாழன் பின்னேரம் சலூன் வாசலில் நின்று
அருள்நேசன் பேரில் ஐந்நூறு வைத்தேன்.
லயனல் இரக்கத்தோடு வாங்கிக்கொண்டான்.

வெள்ளி இரவு மண்டபத்தில் கதிரை போதவில்லை.
ஃபஸ்லி மைக்கைத் தட்டினார்,
ஹலோ என்றார், மறுபடி ஹலோ என்றார்,
பிறகு கொத்துத் தகடு சொன்ன பெயரையே சொன்னார்.
வெளியே பட்டாசு.
நான்கு சுற்றும் முடிந்து பத்துப் பேர் மிச்சம்.
இருபத்தேழை யாரும் வாசிக்கவில்லை.

செவ்வாய் காலை ஒருவன் குனிந்து உள்ளே வந்தான்.
என் கடைவாசல் உயரம் குறைவு.
பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை.
டோஹாவில் ஒரு கட்டடத்துக்குக் காவலாம்.
"எத்தனை கொப்பி?"
"மூன்று. இல்லை, நாலு எடுங்கோ."
தாளைத் திருப்பும்போது என் முழங்கை பட்டு
பேனா மேசை விளிம்புக்கு உருண்டது.
கீழே அவன் கை
ஏற்கெனவே விரிந்திருந்தது.
பேனாவை வைத்துவிட்டுப் பொலிஸ் அறிக்கையைச் சரிபார்த்தான்.
வட்டத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து
மீதி இருபது ரூபாயைக் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு இஃப்ராஸ் மூன்று போட்டான்.
வென்றோம். நானும் தொண்டை கட்டக் கத்தினேன்.
வாங்கியது இரண்டு.
குறித்துவைத்திருக்கிறேன்.