ஆயிரத்து எண்ணூறு சுற்று

கரடிப்போக்குச் சந்தியில் என் கடை.
தண்ணிப் பம்பு, கிறைண்டர், காற்றாடி,
எரிந்த சுருள் எதுவென்றாலும்
வெட்டியெடுத்து, எண்ணி, மறுபடி சுற்றுவேன்.
மழை பிந்தினால் எனக்கு வேலை கூடும்.

றெஜினோல்ட் கொண்டுவந்தது பம்பு இல்லை.
மல்லாவியிலிருந்து
மோட்டார் சைக்கிள் தாங்கியில் குறுக்கே வைத்து
உரப்பையில் சுற்றி ஒரு சாமான்.
அவிழ்த்தால்
பழைய சுவிச்சு செய்த அதே கறுத்த பேக்லைட்டில்
மடியில் கிடத்தி வாசிக்கிற கிற்றார்.
ஆறு கம்பி. மேலே கவிந்து இரண்டு லாடக் காந்தம்.
"போன கிறிஸ்மசுக்குப் பிறகு சத்தமில்லை."

மார்க்கத்தில் ஒரு குலசேகரம் இதைக் கேட்கிறாராம்.
அவரிடம் பதினேழு இருக்கிறது,
ஈரம் அளக்கும் மீற்றர் வைத்த அறையில்.
போனில் என்னோடும் கதைத்தார்:
"தொடாதேங்கோ தங்கச்சி.
கொயில் செத்திருந்தாலும் ஒரிஜினல்.
திருத்தினால் பாதி விலை."
செத்துக் கிடந்தால் முழுவிலை,
எழும்பினால் பாதி.
கறள் பிடித்த திருகாணியைப் பார்த்தபடி
ஓம் ஓம் என்றேன்.

றெஜினோல்ட் நெல்லு வெட்டுகிற மெசின் ஓட்டுபவர்.
இடக்கையில் இரண்டு விரல் இல்லை.
"மற்றக் கிற்றாருக்கு ஐந்தும் வேணும்.
இதுக்கு இரும்பைப் பிடிக்கத் தெரிஞ்சால் காணும்."
பிடித்துக் காட்டினார், சத்தமில்லாமல்.
இரும்பு வழுக்கிக்கொண்டு போனது
வெள்ளைக் கோடுகளுக்கு மேலால்.
"கோடெல்லாம் சும்மா அடையாளம்.
ஒன்றிலும் நிற்கத் தேவையில்லை."
ஓமந்தையில் கோட்டுக்குப் பின்னால்
மூன்று மணித்தியாலம் நின்றவள் நான்.
பேசாமல் மீற்றரை எடுத்தேன்.

முள் அசையவில்லை.
திறந்தேன்.
சுருளைச் சுற்றி, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரர்.
அதில் போல்பொயின்ற் பேனையால்:
1800. 3.11.94. ந.

கம்பியைக் கண்டதும் தெரிந்துவிட்டது,
றேடியோ ட்ரான்ஸ்போமரில் உரித்தது.
கறண்டே இல்லாத காலம்,
ட்ரான்ஸ்போமர் கிடந்து என்ன செய்ய.
இருக்கவேண்டியதிலும் தடித்த கம்பி,
போதாத சுற்று.
குலசேகரம் சொன்ன அந்தக் கசற்,
அதில் கேட்ட மெல்லிய கூர்,
பதினேழில் ஒன்றிலும் இல்லாதது,
இந்தப் போதாமைதான்.

"ஆர் இந்த ந.?"
"ரண்டு சைக்கிள் டைனமோவில வாசிச்சது.
மிதிச்சது நான்.
நான் களைச்சால் பாட்டும் குனிஞ்சிரும்."
அதுக்குமேல் சொல்லவில்லை.
கடை வாசலில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நின்றது.

போனில் சொன்னேன்: இது ஒரிஜினல் இல்லை அண்ணை.
அந்தப் பக்கம் கனநேரம் ஒன்றும் இல்லை.
பிறகு,
"அந்தப் பிளாஸ்ரரும் சேர்த்துத் தருவியளோ?
முழுவிலை தாறன்."

றெஜினோல்ட் பிளாஸ்ரரை எடுத்து
சாரதி அனுமதிப்பத்திர உறைக்குள் வைத்தார்.
"நீங்கள் சுற்றுங்கோ."

என்னிடம் சரியான மெல்லிய கம்பி இருந்தது.
தடித்ததும் இருந்தது.
தடித்ததில் சுற்றினேன்.
ஆயிரத்து நாற்பதில் முரசுமோட்டைக்காரர்
பம்பைத் தோளில் வைத்தபடி வந்து
பயிர் காயுது பிள்ளை என்றார்.
எண்ணிக்கை பிசகிவிட்டது.
பத்துப் பன்னிரண்டு கூடியிருக்கலாம்.

கடை ஸ்பீக்கரில் கொழுவினோம்.
முதலில் இரைச்சல், ட்யூப்லைற்றின் இரைச்சல்.
அதற்குள்ளிருந்து ஒன்று ஏறத் தொடங்கியது,
எந்தக் கோட்டிலும் நில்லாமல்.
மத்தியான வெக்கைக்குச் சுருதி இறங்க
அவர் திருகித் திருகி ஏற்றினார்.

விற்பாரா என்று கேட்கவில்லை.
அறுவடை முடியட்டும் என்பார்.
பம்புக்காரர் இறக்கிவைத்த பம்பின்மேல் குந்தியிருந்து
முழுவதையும் கேட்டார்.
முடிய,
"என்ரை எப்ப தருவாய்?" என்றார்.