ரிப்பீட் ஆர்டர்

இருபத்திரண்டு வருசமாக
அதே நாலு வார்த்தையை அச்சடிக்கிறோம்.
கறுப்புப் பனியன். நெஞ்சில் இறக்கை முளைத்த மணிக்கூண்டு.
அதற்குக் கீழே, சிவப்பில், அந்த நாலு வார்த்தை.
ஏதோ பாட்டாம்.
வருசம் தவறாமல் ஹாம்பர்க்கிலிருந்து ரிப்பீட் வரும்.
நொய்யலில் சாயம் ஓடியது,
பட்டறைகளுக்குச் சீல் வைத்தார்கள்,
முதலாளி போய் மகன் வந்தான்.
ஸ்க்ரீன் மட்டும் மாறவில்லை.

“பாடுனவனெல்லாம் போய்ச் சேர்ந்திருப்பானுங்க.
பனியன் சாகமாட்டேங்குது”
என்பார் சென்னியப்பண்ணன், மையை வழித்தபடி.

நேற்று நைட் ஷிஃப்ட். க்யூரிங் மெஷின் கோளாறு.
பீஸ் அடுக்கும் ஒடியாப் பையன் திபாகர்
செல்லில் அதைத் தேடிப் போட்டான்.

முதலில் ஒற்றை டிரம், காஜா மெஷின் மாதிரி.
பிறகு கிட்டார்:
ஓவர்லாக்கில் நூல் அறுகிற சத்தம்
நிற்காமல் அறுந்துகொண்டே போனால் எப்படி,
அப்படி.
ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான்.
ஆயிரம் பேர் திருப்பிக் கத்தினார்கள்.
எனக்கு இங்கிலீஷ் எட்டாம் வகுப்போடு சரி.
ஆனால் அந்த நாலு வார்த்தை வந்தபோது தெரிந்தது,
எழுத்தெழுத்தாகத் தெரிந்தது.
மூன்றாவது வார்த்தையின் வளைவில்
மை எப்போதும் கசியும்.
அந்த இடத்தில்
அவன் குரலும் கசிந்தது.

“இன்னொருக்கா போடு சாமி” என்றார் அண்ணன்.
போட்டான்.
மெஷின் சரியான பிறகும் போட்டான்.
விடியும்வரை இழுத்தோம்.

காலையில் க்யூ.சி. முப்பது பீஸைத் தள்ளிவிட்டார்.
சிவப்பு அதிகமாம்,
அழுத்தி இழுத்திருக்கிறோமாம்.
இருக்கும்.