ஆறு இலக்கம்

மார்ச் வரைக்கும் போதுமாயிருந்தது
விரலால் திரையில் ஒரு கிறுக்கல்.

பிறகு அந்தக் கடன் பத்திரம்.
கையெழுத்து சுத்தம். நேரம் இரவு பதினொன்று நாற்பது.
பெயர் இரா. கனகாம்பிகை, நோர்வூட், கீழ்ப்பிரிவு.
அன்றிரவு அவள் டிக்கோயா ஆஸ்பத்திரியில்
சேலைன் ஊசியோடு படுத்திருந்தாள்.
போன் வீட்டில் இருந்தது.
வீட்டில் புருஷன் இருந்தான்.

அதற்கப்புறம்தான்
ஹட்டன் சங்க அலுவலகத்தில்
நான் அந்தக் கட்டத்தைத் தொட்டுவைத்தேன்:
கையொப்பமிடுபவரைக் கூடுதலாகச் சரிபார்.
அட்டை இரண்டு பக்கமும்.
முகம், இடம் திரும்பி, வலம் திரும்பி, ஒருமுறை இமைத்து.
குறுஞ்செய்தியில் ஆறு இலக்கம்,
ஆயுள் ஐந்து நிமிடம்.

ஐந்து நிமிடத்தில் இங்கே
மேகம் இறங்கி டவரை விழுங்கிவிட்டுப் போய்விடும்.
ஸ்டோருக்குப் பின்னால் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறினால்தான்
இரண்டு கோடு சிக்னல்.
ஏறி முடிப்பதற்குள் இலக்கம் செத்துப்போகும்.
திட்டுகிறார்கள் என்னை,
பஸ் காசு போட்டு வந்து திட்டுகிறார்கள்.

அவளும் வந்தாள், வியாழக்கிழமை, அரைப் பேர் போட்டுவிட்டு.
அட்டையில் கணகாம்பிகை.
பிறப்புச் சான்றில் வெறும் கனகம்.
எந்தக் கிளாக்கர் காதில் எப்படி விழுந்ததோ.
'பெயர்கள் பொருந்தவில்லை' என்றது திரை.
இருவரும் ஒருவர்தானா?

எங்கள் ஆட்களிடம் இதைக் கேட்காத மேசை
இந்த நாட்டில் எது?
நீ யார், எங்கே பிறந்தாய், தாள் எங்கே.
இந்தத் தடவை
மேசைக்கு இந்தப் பக்கம் நான்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சேலைத் தலைப்பால் கேமராவின் கண்ணைத் துடைத்தாள்.
இடம் திரும்பினாள். வலம் திரும்பினாள்.
இமைக்கச் சொன்னபோது மட்டும்
கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.
'மீண்டும் முயலவும்.'

புது சிம். அவள் பேரில் எடுத்தது.
ஜாக்கெட்டுக்குள்ளிருந்து போன் அதிர்ந்தது.
"சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்றேன்.
கொழுந்துக் கறை ஏறிய உள்ளங்கையால்
திரையை மூடிக்கொண்டாள்.
"யாருக்கும் சொல்லக்கூடாதுனு
இதுலயே போட்டிருக்கே, மிஸ்."

நான் எழுந்து
ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.
கீழே ரயில் ஒன்று கொட்டகலைப் பக்கம் ஊதிப் போனது.
பின்னால் டொக், டொக்,
ஒவ்வோர் இலக்கமாய், அவசரமில்லாமல்.

பச்சைச் சரி விழுந்தது.
கையொப்பமிட்டவர் உறுதிப்படுத்தப்பட்டார்.

அவள் கையெழுத்திட்ட தாளில்
ஒரே ஒரு வரிதான்:
மார்ச் மாதக் கையெழுத்து என்னுடையதல்ல.