ஐம்பதுக்கு முப்பத்தொன்று

காலை பத்தரைக்குக் குடிப்பவரை
எங்கள் பொஹீமியாவிலும் குடிகாரர் என்றுதான் சொல்வார்கள்.
கையில் பென்சிலும் படிவமும் இருந்தால்
நடுவர்.

நேற்றிரவு பூண்டு தொடவில்லை.
உதட்டுச் சாயம் கிடையாது, அது நுரையைக் கொல்லும்.
பில்சனிலிருந்து வந்த பேருந்தில்
பக்கத்து இருக்கைக்காரரின் சென்ட்டுக்குப் பயந்து
வழியெல்லாம் ஜன்னலைத் திறந்துவைத்துத்
திட்டு வாங்கினேன்.

ராடோவனின் வடிப்பகம், பழைய ரயில் சரக்குக் கொட்டகை.
நான்கு தொட்டி, ஒரு குழாய், எட்டு மேசை.
"பன்னிரண்டு டிகிரி. ஜாட்டெட்ஸ் ஹாப்ஸ் மட்டும்.
நாற்பத்திரண்டு நாள் குளிரில் தூங்கியது" என்கிறார்,
பரீட்சை மண்டப வாசலில் நிற்கும் அப்பாவைப் போல.

ஹெட்விகா குவளையைக் குளிர்ந்த நீரில் அலசி
ஈரத்தோடு பிடிக்கிறாள்.
பிடி பாதி திரும்ப, முதலில் நுரை.
நுரைக்கு அடியில் நுழைந்து
சத்தமில்லாமல் ஏறுகிறது பொன்.
மேலே மூன்று விரல் உயரம் கனத்த வெள்ளை.
வெளிச்சத்துக்கு நேரே தூக்குகிறேன்:
குவளைக்கு அந்தப் பக்கம் சக நடுவர் சிரிலின் சட்டைப் பொத்தானில்
எத்தனை துளை என்று எண்ண முடிகிறது. நான்கு.
தெளிந்தால்தான் தேறல். தெளிவில் தேறியாயிற்று.

மூக்குக்கு, அப்போது அறுத்த புல், ரொட்டியின் ஓரம்,
மிளகு மாதிரி ஏதோ ஒன்று,
பெயர் வருவதற்குள் போய்விடுகிறது.
வாய்க்குள் பார்லியின் இனிப்பு முந்திக்கொண்டு வருகிறது.
கசப்புக்கு அவசரமில்லை,
நாக்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து
எல்லோரும் பேசி முடிக்கட்டும் என்று இருக்கிறது.
பிறகு எழுந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து
வெண்ணெய்.

சினிமாக் கொட்டகைச் சோளப்பொரியின் வெண்ணெய்.
சிரிலைப் பார்க்கிறேன். அவர் கூரையைப் பார்க்கிறார்.
கொஞ்சம் இருந்தால் இந்த மண்ணின் குணம் என்பார்கள்.
இது கொஞ்சம் இல்லை.
வெண்ணெய் திரளும்போது தாழி உடையும் என்பது கதை.
இங்கே தாழிக்கு ஒன்றும் ஆகவில்லை,
வெண்ணெய்தான் அழையாமல் திரண்டிருக்கிறது.

முப்பத்தொன்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

ராடோவன் உள்ளே போனதும் ஹெட்விகா
மேசை துடைக்கிற சாக்கில் குனிந்து சொன்னாள்:
"முதல் இரண்டு லிட்டரைக் கீழே கொட்ட விடமாட்டார்.
ராத்திரி முழுக்கக் குழாய்க்குள் கிடந்தது அது.
குழாய் கழுவி ஐந்து வாரம்."

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
அந்த ஒரு சோறு
அகப்பையில் ஒட்டிக் காய்ந்ததாக இருந்தால்?

விதி எனக்குத் தெரியும்.
கைக்கு வந்த குவளைக்குத்தான் மதிப்பெண்.
குடிக்க வருகிறவன் தொட்டியிலா வாய் வைக்கிறான்?
இரண்டு லிட்டர் கஞ்சத்தனமும் செய்முறையில் சேர்த்திதான்.
அழிரப்பர் சிரிலிடம் இருந்தது.
கேட்கவில்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்
தண்டவாளம் வரை நடந்து
திரும்பி வந்து வாடிக்கையாளராக உட்கார்ந்தேன்.
அதற்குள் ஷிஃப்ட் முடிந்த ஆறு ரயில்வே ஆட்கள்
ஆளுக்கு இரண்டு குடித்துக்
குழாயைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

இரண்டாவது மடக்கிலேயே மன்னிப்புக் கேட்கத் தோன்றியது,
யாரிடம் என்று தெரியவில்லை.
வெண்ணெயைக் காணோம்.
எழுந்து நின்ற கசப்பு உட்காரவே இல்லை,
நான் விழுங்கிய பிறகும் நின்றது,
ஒரு சரக்கு ரயில் கடந்து போகும் நேரம் நின்றது.
குவளையின் உள்சுவரில்
மடக்குக்கு ஒரு நுரை வளையம்.

ஹெட்விகா துண்டுக் காகிதத்தில் ஒரு கோடு போட்டாள்.
அப்புறம் ஒன்று.
மூன்று நாற்பது பேருந்து போன சத்தம் கேட்டபோது
இன்னும் ஒன்று.

பைக்குள் முப்பத்தொன்று.
மேசையில் மூன்று கோடு.
ராடோவன் வந்தார், கோடுகளை எண்ணினார்,
முகம் விரிந்தது.
"நாற்பத்தைந்து தாண்டுமா?"

நல்லவேளை,
என் வாய் நிறைய பீர் இருந்தது.