இடது காது

ஹோபாஸ் வாசலில் மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள்.
காவலர் பெயர்களை உரக்கப் படித்தார்:
யோசபாத், அறுபத்து மூன்று. எல்ஃப்ரீடா, முப்பத்து நான்கு.
அப்பாவுக்கு இதயம் சரி, ரத்த அழுத்தம் சரி,
முழங்கால் பரவாயில்லை.
காதுக்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை.

முப்பத்தொரு வருடம் கீட்மன்ஸ்ஹூப் யார்டில்
டீசல் எஞ்சின்களுக்கு ஒரே பக்கமாக நின்றவர்.
இடது காது அங்கேயே தங்கிவிட்டது.
மீதி ஆளுக்குத்தான் ஓய்வூதியம்.

சங்கிலியைப் பிடித்து இறங்கினோம்.
சோளமாவு, உலர்ந்த இறைச்சி, ரூயிபோஸ் தேயிலை,
அவர் பையில் ஒரு தகர டப்பா பீச் பழம்.
"இது எதுக்கு? கனக்கும்."
"அஞ்சாம் நாளுக்கு."

கீழே ஆறு என்று வரைபடம் சொன்னது.
ஜூலையில் அது ஆறில்லை,
ஒன்றோடொன்று பேச்சை நிறுத்திவிட்ட குட்டைகள்.

சிலீப்பர் கட்டைகளில் நடந்து பழகிய கால்,
எடுத்து வைத்தால் எல்லா எட்டும் ஒரே அளவு.
பாறைகளுக்கு அந்தக் கணக்கு தெரியாது.
முதல் நாள் முழுக்க அவர் பாதங்கள்
இல்லாத கட்டைகளைத் தேடின.

நான் எப்போதும் அவருக்கு வலப்பக்கம் நடப்பவள்.
வீட்டில் எல்லோரும் அப்படித்தான்.
சாப்பாட்டு மேசையே ஒரு பக்கம் பாரமேறிய படகு போல இருக்கும்.
இரண்டாம் நாள், மணல் ஆழமான இடத்தில்,
இடப்பக்கம் மாறினேன்.

சொல்லிப் பார்க்கத்தான்.

"அப்பா, பிரேமன்ல வேலை கிடைச்சிருக்கு."
ஆஃப்ரிகான்ஸில்.
அவர் குனிந்து குதிரைச் சாணத்தைக் குச்சியால் கிளறினார்.
"நேத்து போட்டது" என்றார்.

"அப்பா, மூணு வருஷ ஒப்பந்தம்."
எங்கள் நாமா மொழியில்.
நாக்கு அண்ணத்தில் சொடுக்கும் இடங்களில் மட்டும்
குரல் உடையாமல் நின்றது.

திரும்பி வருவேனா தெரியவில்லை என்பதை
ஜெர்மனில் சொன்னேன்,
தப்பான இலக்கணத்தில், மெதுவாக,
மாலை வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போல.

இடப்பக்கக் குன்றில் ஒரு பபூன் குரைத்தது.
அப்பா வலப்பக்கச் சுவரை அண்ணாந்து பார்த்தார்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
சிரித்திருக்கக் கூடாது, யோசித்திருக்க வேண்டும்.

கந்தக ஊற்றில் சுடுநீர் குட்டையோடு கலக்கும் விளிம்பு தேடி
கொப்புளங்களை ஊறவைத்தோம்.
அழுகின முட்டை வாசம்.
"உங்க அத்தை வீடு" என்றார், வேறெதுவும் சொல்லவில்லை.

கூடாரம் கிடையாது.
அவர் படுக்கும் முறை எனக்குத் தெரியும்:
நல்ல காதைத் தலையணையில் புதைத்து
உலகத்தை அணைத்துவிட்டுத் தூங்குவார்.
மூன்றாம் இரவு
செவிட்டுக் காதை மணலில் வைத்து,
மற்றதைத் திறந்துபோட்டுப் படுத்திருந்தார்.
கல் குத்துகிறது போலும் என்று நினைத்தேன்.

நான்காம் நாள், ஆறு எத்தனையோ முறை வளைந்த பிறகு,
ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து
பீச் டப்பாவைத் திறந்தார்.

"அஞ்சாம் நாளுக்குன்னு சொன்னீங்க."

கத்தி நுனியில் ஒரு துண்டைக் குத்தி நீட்டினார்.
"ஏரோப்ளேன்ல எத்தனை கிலோ விடுவான்?"

வாயில் பழம். விழுங்கவும் முடியவில்லை.

"இருபத்து மூணு."
"இந்தப் பையைவிடக் கூடத்தான்."
மோவாயால் எதிர்ச்சுவரைக் காட்டினார்.
"இந்தப் பக்கம் சொல்றது அங்க பட்டுத் திரும்புது.
ரெண்டு நாளா மூணு பாஷைல வருது."
கத்தியைத் தொடையில் துடைத்தார்.
"அந்த ஜெர்மன்தான் புரியல."

பபூன்கூட இல்லை அப்போது. காற்றுகூட இல்லை.

"அதுவும் இதேதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார்,
சிக்னல் விழக் காத்திருப்பவர் பார்ப்பது போல.
பிறகு டப்பாவைச் சாய்த்துச் சாற்றைக் குடித்தார்,
பாதியில் நிறுத்தி என்னிடம் கொடுத்தார்.

அதற்கு மேல் பாதை குறுகல்.
இடமும் இல்லை, வலமும் இல்லை,
ஒருவர் பின் ஒருவர்தான்.
அவர் முன்னால் போனார்.
காலி டப்பா அவர் பையில் லொடலொடத்தது,
இரண்டு பக்கச் சுவரிலும்.