ஆறு என்றான்

துலரோசாவில் தோட்டத்துக்குத் தண்ணீர்
செவ்வாய், சனி.
விடிவதற்குள் அடைத்துவிட வேண்டும்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவுப்பணி முடித்து
ப்ளீச் வாசனையோடு வருவேன்.
குழாயைத் திருகிவிட்டு
எட்டுத் தூரிலும் குனிந்து காது வைப்பேன்.
அடைத்த துளை பேசாது. ஊசியால் குத்துவேன்.

இந்த மண்ணில் பிளாக்பெர்ரி வைக்காதே என்று
நாற்று விற்றவளே சொன்னாள்.
விற்கவும் விற்றாள்.
சுண்ணாம்பு மண், சுண்ணாம்புத் தண்ணீர்.
இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நின்றது,
நோயாளியின் புறங்கை போல.
கந்தகம் போட்டேன். இரும்புத்தூள் கரைத்து ஊற்றினேன்.
பெக்கான் ஆலையில் ஓடு சும்மா தருகிறார்கள்,
நாலு சாக்கு அள்ளிவந்து தூரை மூடினேன்.
மேற்கே நிழல்வலை.
ஏப்ரல் காற்று அதை இரண்டு தடவை
பக்கத்து வீட்டு ரொசெண்டோவின் கூரைக்குக் கொண்டுபோனது.
மூன்றாம் தடவை அவரே கம்பிச்சுருளோடு வந்து
ஒன்றும் பேசாமல் கட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் கோடையில் பழுத்தது.
வெயில் பட்ட மணிகள் வெளுத்து,
நிழல் பட்டவை கறுத்து.
கறுத்த பக்கத்தைக் கடித்தேன். போதும்.

அந்த நவம்பரில் லியாந்த்ரோ வந்தான்.
என் தங்கையின் முன்னாள் கணவன்.
தங்கை எல் பாசோவில் வேறொருவனோடு சுகமாயிருக்கிறாள்.
இரண்டு வாரம் என்றான். கிறிஸ்துமஸ் போயிற்று.
வாடகை தர முடியாதவன் வேலையைத் தேடிச் செய்வான்:
கதவுக்கு எண்ணெய், கூரைக்குத் தார்.
ஒரு ஜனவரிக் காலை நான் தூங்கும்போது
கத்தரிக்கோலோடு போயிருக்கிறான்.

இந்த வருடம் முளைக்கும் கொம்பு
சும்மா வளரும்.
அடுத்த வருடம் அதுதான் காய்க்கும்.
காய்த்ததும் செத்துவிடும், ஆனால் விழாது.
தடியாய், பழுப்பாய், முள்ளோடு
வீட்டுக்குப் பெரியவன் மாதிரி நிற்கும்.
அடுத்த கோடை அதன் பக்கத்தில்
ஒல்லியாய்த் தலைசாய்ந்து கிடக்கும்.
அவன் ஒல்லியை எல்லாம் வெட்டினான்.
தடியை எல்லாம் கம்பியில் இழுத்துக் கட்டினான்,
அழகாக.

"சுத்தமாயிருக்கு, இல்ல?" என்றான்.
முழங்கைவரை கீறல்.
குவியலிலிருந்து ஒன்றை எடுத்து
நகத்தால் சுரண்டிக் காட்டினேன். பச்சை.
கட்டிவைத்ததைச் சுரண்டினேன். சக்கை.
அவனும் சுரண்டிப் பார்த்தான், ஒவ்வொன்றாய்,
எட்டுத் தூரிலும்.
பிறகு முடிச்சுகளை அவிழ்த்தான்.
அறுத்திருக்கலாம். அவிழ்த்தான்.
மதியமாகிவிட்டது.

காய்க்காத வருடத்துக்கும் அதே தண்ணீர்தான்.
பில்லில் தள்ளுபடி கிடையாது.
செவ்வாயும் சனியும்
நான் வருமுன்னே குழாய் திறந்திருந்தது.
குளிக்கும்போது காலடியில் வாளி வைத்து
சோப்புக்கு முந்திய தண்ணீரைச் சேர்த்து
வலைக்கடியில் ஊற்றினான்.
எப்போது கிளம்புகிறாய் என்று
கேட்க வைத்திருந்த வாக்கியம்
எங்கேயோ கைமறதியாய்ப் போனது.

ஜூன் கடைசியில், வேலி மூலையில்,
குழாய் கசியும் இடத்தில்,
ரொசெண்டோ விட்டுப்போன கம்பிச்சுருளுக்குப் பின்னால்
கத்தரிக்குத் தப்பிய கொம்பு ஒன்று காய்த்திருந்தது.
அவன்தான் கண்டான்.
காபிக் கோப்பையில் பறித்து மேஜைமேல் வைத்தான்.
எத்தனை என்றேன்.
ஆறு என்றான்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன்.
பழம் கழன்ற காம்பில்
ஒரு குட்டி நட்சத்திரம் மிஞ்சும்.
ஏழு இருந்தன.

காய்த்து முடிந்த கொம்பு.
கத்தரிக்கோலை அவன் கையில் கொடுத்து
இப்போது வெட்டலாம் என்றேன்.
முதலில் நகத்தால் சுரண்டினான்.
"இன்னும் பச்சையா இருக்கே" என்றான்.
சரி, இருக்கட்டும் என்றேன்.