இரவுப் பால்

ஃபிரிட்ஜின் மேல்தட்டில் நான்கு குப்பிகள்.
பிளாஸ்திரியில் என் கையெழுத்து:
பகல் பதினொன்று. மாலை நாலரை.
இரவு ஒன்று. இரவு மூன்றேகால்.

"பாலுக்கு எதுக்காக்கும் மணி?" என்றான் சஜின்.
முப்பந்தலில் காற்றாலை ஏறி இறங்கி வந்தவன்,
சோப்பு போட்ட பிறகும் கையில் கிரீஸ் வாசம்.
"பாலு பாலுதானே."

இல்லை.
இருட்டில் சுரக்கும் பாலில்
கொஞ்சம் இருட்டும் இருக்கிறது.
மெலடோனின் என்று பெயர்.
மூளையின் நடுவில் ஒரு நெல்மணி அளவுச் சுரப்பி.
அதற்குக் கண் கிடையாது.
கண்ணிடம் கேட்டுக்கொண்டே இருக்கும்:
வெளிச்சம் போயாச்சா, போயாச்சா.
போனதென்று தெரிந்ததும் மெல்லத் திறக்கும்.
அடித்து உறங்கவைக்கிற மருந்தில்லை அது.
ஈரலுக்கும் தோலுக்கும் குடலுக்கும் போய்
ராத்திரியாகிவிட்டது என்று சொல்லும்,
அவ்வளவுதான்.

பிறந்த பிள்ளைக்கு ராத்திரி தெரியாது.
வயிற்றில் இருந்தவரை
என் இரவைத்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.
தனக்கென்று ஒன்றைச் செய்துகொள்ள
இரண்டு மூன்று மாதம் ஆகுமாம்.
அதுவரை குப்பியில் வரவேண்டும்.

குப்பியை நிரப்புகிறவள்
வெட்டூர்ணிமடத்து ஆஸ்பத்திரியின் லேபில்
எட்டு குழல்விளக்குகளுக்குக் கீழே
அடுத்தவர் ரத்தத்தைச் சுழலவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
ஒப்பந்த வேலை.
ஐம்பதாம் நாள் திரும்பிவிட்டேன்.
இரவு ஒன்று என்று எழுதும்போது
கை ஒரு நொடி நிற்கிறது.
என் சுரப்பி பகலென்றல்லவா நினைத்திருக்கும்?
நான் என் மகளுக்கு
பொய் மணி ஒட்டி அனுப்புகிறேனா?

மிஷின் நிற்க நாலு நிமிஷம்.
சுவரில் தினசரிக் காலண்டர், சூரிய உதயம், அஸ்தமனம்.
ஆனிக்கும் மார்கழிக்கும் கழித்துப் பார்த்தேன்.
பகல் நீளத்தில் ஒரு மணிநேரம்கூட வித்தியாசமில்லை.
குளிர்தேசத்தில் ஆடுகள்
இரவு நீள்வதை உடம்புக்குள் அளந்து
இணைசேரும் மாதத்தைக் கண்டுபிடிக்குமாம்.
அங்கே இந்தத் துளி ஒரு பஞ்சாங்கம்.
குமரிமுனைக்கு இத்தனை பக்கத்தில்
அதற்குப் படிக்க ஒன்றுமில்லை.
நமக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது,
காற்று திரும்பினால் மாதம் தெரியும்.

லில்லிபுஷ்பம் சிஸ்டர்தான் வழி சொன்னாள்.
"ஸ்டோரில பல்பு ஃபியூஸ்.
மாத்தச் சொல்லாண்டாம், அங்க போய் எடு."
பஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தேன்.
செல்போனைக் கவிழ்த்துவைத்தேன்.
கதவிடுக்கில் வந்த ஒரு கோட்டையும்
மேல்கோட்டைச் சுருட்டி அடைத்தேன்.
இருபது நிமிஷ இருட்டு போதாதென்று தெரியும்.
படித்தவள்தானே, தெரியும்.
என்றாலும் கண்ணை மூடிக்கொண்டேன்,
சாமி கும்பிடுகிறவளைப் போல இல்லை,
தபாலில் பணம் போடுகிறவளைப் போல.

விடிந்து பஸ் ஏறுவேன்.
தோவாளை வரும்போது
பூச்சந்தை பாதி முடிந்திருக்கும்.
இரவில் விரியவேண்டிய பிச்சியை மொட்டிலேயே பறித்து
ஐஸ் வைத்துப் பெட்டியில் அடைப்பார்கள்.
அதைப் பார்த்தபடி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வேன்.
"கொள்ளாம், சினிமாக்காரி" என்பார் கண்டக்டர்.
வெயிலைக் கண்ணுக்குள் விடாமல்
வீடுவரை கொண்டுபோக வேண்டுமே, அவருக்கென்ன.

எண்பத்தேழாம் நாள், எனக்கு வார விடுப்பு.
ரெய்னா ஒன்பதரைக்குக் கண்ணயர்ந்தாள்.
பன்னிரண்டுக்கு அழவில்லை.
இரண்டுக்கும் அழவில்லை.
மூச்சு வருகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தேன்,
வந்தது, தன்பாட்டுக்கு.

சஜின் குறட்டை.
வெளியே ஆடிக்காற்று தகரத்தை இழுத்துக்கொண்டிருந்தது.
எனக்குத்தான் உறக்கம் வரவில்லை.
மூன்றேகாலுக்கு எழுந்தேன், பால் கட்டி நெஞ்சு வலித்தது.
விளக்கைப் போடாமல் அடுக்களையில் நின்று
குப்பியில் எடுத்தேன்.
பிளாஸ்திரி கிழித்தேன்.
பேனா கைக்கு அகப்படவில்லை.